பெருங்கடல் சாலையும் செம்மண் திராட்சையும்: நாங்கள் இருவரும் போய்வந்த ஏழு நாள்

ஆஸ்திரேலியாவின் தென்கரையோரம் போகும் கிரேட் ஓஷன் ரோட்டை பதினைந்து வருடங்களுக்கு முன்பே நாங்கள் ஒருமுறை பார்த்தாயிற்று. அப்போது மெல்பர்னுக்குக் குடிவந்த புதிது. காலை ஆறு மணிக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு, பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகளோடு கிளம்பினோம். வளைவுகளில் இருவரும் மாறி மாறி வாந்தி எடுத்தார்கள். கடலுக்குள் தூண் தூணாக நிற்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளை அடையும்போது மதியம் இரண்டரை. பேருந்துக் கூட்டத்துக்கு நடுவே இருபது நிமிடம் நின்றோம், படம் எடுத்தோம், கோலாக் ஊர் வழியாக உள்சாலையில் திரும்பினோம். இருட்டியபின் காருக்கு முன்னால் ஒரு கங்காரு பாய்ந்து கடந்தது. நல்லவேளை, பிரேக் பிடித்தது. பிள்ளைகள் வீடு வரும்வரை அழுதார்கள். அதன்பிறகு யார் அந்தச் சாலையைப் பற்றிப் பேசினாலும் என் மனைவி, "அதான் பாத்தாச்சே" என்று முடித்துவிடுவாள்.

சென்ற மார்ச் கடைசியில் அதே சாலையில் மறுபடி போனோம். பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வேலை, படிப்பு என்று போய்விட்டார்கள். ஆறு இரவு, ஏழு பகல், நாங்கள் இரண்டு பேர் மட்டும். விக்டோரியாவின் கடற்கரையோடு போய், தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்து, கூனவாரா திராட்சைத் தோட்டங்களில் இரண்டு நாள் தங்கி, உள்நாட்டு வழியாகத் திரும்புவது என்பது திட்டம். கடல் இருவருக்கும், ஒயின் எனக்கு என்றுதான் நினைத்திருந்தேன். நான் எப்போதாவது ஒரு கோப்பை அருந்துவேன். அவள் மதுவைத் தொடுவதில்லை. அவளுக்கு அந்த இரண்டு நாளும் அலுத்துப்போகுமே என்று கிளம்பும்வரை எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஆனால் இன்றுவரை அவள் அதிகம் பேசுவது அந்த இரண்டு நாளைப் பற்றித்தான். அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் திட்டமிட்ட விதம். டார்க்கீயிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்டு வரை அந்தச் சாலையின் நீளம் 243 கிலோமீட்டர். நெடுஞ்சாலைக் கணக்கில் அது மூன்று மணிநேரம் போலத் தெரியும். முதல் தடவை எங்களை ஏமாற்றியது அந்த எண்தான். இந்த முறை கிலோமீட்டரைப் பார்க்காமல் வெளிச்சத்தைக் கணக்கு போட்டேன். மார்ச் கடைசியில் அங்கே ஏறத்தாழ காலை ஏழரைக்கு விடிந்து மாலை ஏழரைக்குப் பொழுது அடைகிறது. மாலை ஆறரைக்கு மேல் வண்டி ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். கங்காருவும் அதைவிடச் சின்ன உருவமுள்ள வாலபியும் சாலையோரம் மேய வருவது அந்தியிலும் விடியலிலும்தான். வாடகைக் கார் எடுப்பவர்கள் காப்பீட்டுத் தாளில் விலங்கு மோதினால் என்ன, இரவில் ஓட்டினால் என்ன என்ற பத்திகளை வண்டி எடுக்கும் முன்பே படித்துவிடுங்கள். சில ஒப்பந்தங்களில் அதற்கென்று தனி நிபந்தனை இருக்கிறது.

மெல்பர்னிலிருந்து மேற்கு நோக்கிப் போவது நல்லது. இங்கேயும் நம் ஊர் போல இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். மேற்கே போகும்போது கடல் இடதுபக்கம் வருகிறது. அதனால் பார்வையிடங்களில் எதிர்வரும் வண்டிகளுக்குக் குறுக்கே திரும்பாமல், நேராக ஒதுக்கி நிறுத்திக்கொள்ளலாம். வளைவுகளில் பின்னால் நான்கு வண்டிகள் சேர்ந்துவிட்டால் பதற்றப்பட வேண்டாம். ஒதுங்க இடம் வரும், ஒதுங்கி அவர்களை விட்டுவிடுங்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது வேலைக்குப் போகும் சாலை.

லோர்ன் ஊரைத் தாண்டியதும் மனைவிக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. நான் இஞ்சி மிட்டாயைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள், "நகருங்க, நான் ஓட்டுறேன்" என்று இறங்கி வந்துவிட்டாள். ஸ்டியரிங் கைக்கு வந்த ஐந்தாவது நிமிடத்தில் சரியாகிவிட்டது. வளைவு எந்தப் பக்கம் வரப்போகிறது என்று ஓட்டுபவரின் கண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, அதனால் அவருக்குப் பெரும்பாலும் குமட்டுவதில்லை. இது தெரியாமல் முன்பு எத்தனை மாத்திரை வாங்கியிருக்கிறோம்! அன்று தொடங்கி, வளைந்த சாலை எல்லாம் அவளுக்கு, நேர்ச்சாலை எனக்கு.

ஈஸ்டர்ன் வியூவில் சாலைக்குக் குறுக்கே ஒரு மர வளைவு நிற்கிறது. எல்லோரும் அதன் கீழே படம் எடுக்கிறார்கள். பக்கத்தில் சாலை போட்ட இரண்டு வீரர்களின் சிலை. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சுமார் 3000 வீரர்கள் 1919-இல் தொடங்கி 1932 வரை கடப்பாறையும் மண்வெட்டியும் வெடிமருந்தும் கொண்டு இந்த மலைச்சரிவைக் குடைந்து போட்ட சாலை இது. போரில் இறந்த தங்கள் தோழர்களுக்கு நினைவுச்சின்னமாகத்தான் அதைக் கட்டினார்கள். கல்லறைக் கல்லுக்குப் பதிலாக ஒரு சாலை. முதல் தடவை இந்த இடத்தை 60 கிலோமீட்டர் வேகத்தில் கடந்திருக்கிறோம். இந்த முறை அரைமணி நேரம் நின்றோம். கீழே அலை, மேலே செங்குத்துப் பாறை, நடுவே இரண்டு வண்டி போகும் அகலம். ஒவ்வோர் அடியும் ஒருவர் வெட்டியது என்று தெரிந்தபின் வேகமாகப் போக மனம் வருவதில்லை.

அப்போலோ பேயில் முதல் இரவு. பெட்ரோலை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இதற்கு அப்புறம் சாலை கடலை விட்டு ஆட்வே காட்டுக்குள் ஏறுகிறது, தொலைபேசி சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும். போகும் வழியில் மெயிட்ஸ் ரெஸ்ட் என்ற மழைக்காட்டு நடைபாதை இருக்கிறது. முக்கால் மணிநேரத்துக்குள் சுற்றிவிடலாம். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த பெரணிகள், பாசி படர்ந்த பழைய மரங்கள். நாங்கள் போனபோது வேறு யாருமில்லை.

போர்ட் கேம்ப்பெலில் இரண்டு இரவு போட்டிருந்தோம். இந்தப் பயணத்தில் நான் செய்த நல்ல காரியம் அது. ஆனால் அங்கே ஒரு சங்கடமும் நடந்தது. காட்டில் நேரம் போனது தெரியாமல் தாமதமாகி விடுதிக்குப் போனால் வரவேற்பறை பூட்டியிருக்கிறது. சின்ன ஊர் விடுதிகளில் ராத்திரி ஆள் இருப்பதில்லை. சாவி ஒரு பெட்டிக்குள் இருக்கும், அதன் எண்ணை மின்னஞ்சலில் அனுப்பியிருப்பார்கள். என் தொலைபேசியில் அந்த மின்னஞ்சல் திறக்கவில்லை, சிக்னல் ஒரு கோடு. கடற்கரைப் பக்கம் நடந்துபோய், கையைத் தூக்கிப் பிடித்து, பத்து நிமிடம் கழித்துத்தான் எண் கிடைத்தது. அன்றைய காற்று எலும்புக்குள் போனது. மார்ச் மாதம்தானே என்று கனமான ஜாக்கெட்டைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தோம். அந்தத் தெற்குக் காற்றைத் தடுக்க நடுவே நிலமே இல்லை, அண்டார்டிகா வரை கடல்தான். அடுத்த நாளிலிருந்து தங்குமிட விவரம் எல்லாவற்றையும் மனைவி ஒரு நோட்டில் பேனாவால் எழுதிவைத்தாள். ஜாக்கெட் பின் இருக்கைக்கு வந்தது.

மெல்பர்னிலிருந்து வரும் சுற்றுலாப் பேருந்துகள் அப்போஸ்தலர் பாறைகளுக்கு நண்பகலை ஒட்டி வந்து சேர்கின்றன, நான்கு மணிக்கு மேல் குறைகின்றன. பக்கத்திலேயே தங்குபவர்கள் அந்தக் கூட்ட நேரத்தில் போகத் தேவையில்லை. காலையில் போனபோது மேடையில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். வெயில் பாறையின் முகத்தில் நேராக விழுந்து, சுண்ணாம்புக்கல் தேன் நிறத்தில் இருந்தது. மாலையில் அதே பாறைகள் கறுத்து நின்றன. இருட்டத் தொடங்கும் நேரத்தில் கடலிலிருந்து சின்னப் பெங்குவின்கள் கூட்டமாகக் கரையேறி மணலைக் கடந்து மேட்டுக்கு ஓடுகின்றன. மேலிருந்து பார்த்தால் மணலில் எறும்பு வரிசை போலத்தான் தெரியும். பைனாகுலர் கட்டாயம் வேண்டும். அந்த அரைமணி நேரம் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, பைனாகுலரையும் தரவில்லை.

இந்தப் பாறைகள் பெயருக்குத்தான் பன்னிரண்டு. எண்ணிப் பார்த்தால் அத்தனை இல்லை. 2005 ஜூலையில் ஒன்று சில நொடிகளில் சரிந்து விழுந்தது. அலை அடியில் அரித்துக் குகை ஆகிறது, குகை இருபுறமும் திறந்து வளைவு ஆகிறது, வளைவின் முதுகு விழுந்து தூண் தனியாக நிற்கிறது, ஒருநாள் தூணும் விழுகிறது. இந்தக் கரையில் சில கிலோமீட்டர் நடந்தால் இந்த நான்கு கட்டமும் கண்ணில் படும். லண்டன் பிரிட்ஜ் என்ற பாறைப் பாலம் 1990 ஜனவரியில் உடைந்தபோது அதன் கடல்பக்கத் துண்டில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டு, ஹெலிகாப்டர் வந்து மீட்டிருக்கிறது. வேலிக்கு அப்பால் போகாதே என்ற பலகைகளை இதற்குப் பிறகு வேறு மரியாதையோடு பார்க்கத் தோன்றும்.

நேரம் குறைவாக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அப்போஸ்தலரைச் சுருக்கிக்கொண்டாவது லாக் ஆர்ட் பள்ளத்தில் இறங்குங்கள். 1878 ஜூன் முதல் தேதி விடியற்காலையில், இங்கிலாந்திலிருந்து மூன்று மாதம் கடலில் வந்த லாக் ஆர்ட் என்ற கப்பல், மெல்பர்ன் போய்ச்சேரும் தறுவாயில் இங்கே பாறையில் மோதியது. கப்பலில் 54 பேர். பிழைத்தது இரண்டே பேர். டாம் பியர்ஸ் என்ற இளம் மாலுமி நீந்திக் கரையேறி, அப்புறம் ஒரு பெண்ணின் கூக்குரல் கேட்டு மறுபடி தண்ணீரில் இறங்கி ஈவா கார்மைக்கேலை இழுத்துவந்தான். பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் அந்தக் கப்பலில் இழந்தவள் அவள். படியிறங்கினால் இருபுறமும் மதில் போல் பாறை, நடுவே ஒரு சின்ன மணல்திட்டு, உள்ளே குகை. வெளியே அவ்வளவு அலை, உள்ளே வரும்போது காலை நனைக்கும் அளவுக்கு அடங்கிவிடுகிறது. அந்தக் கப்பலில் வந்த ஒரு பீங்கான் மயில், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, மரப்பெட்டியோடு கரை ஒதுங்கி உடையாமல் தப்பியது. வார்னம்பூலில் ஃப்ளாக்ஸ்டாஃப் ஹில் அருங்காட்சியகத்தில் மறுநாள் அதைப் பார்த்தோம். குகையைப் பார்த்துவிட்டு மயிலைப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

சாப்பாடு. நாங்கள் இருவரும் சைவம். சின்ன ஊர்களில் இரவு எட்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுகிறார்கள், சைவம் என்றால் சீஸ் வைத்த ஏதாவது ஒன்று இருக்கும். சமையலறையுள்ள அறையாகத் தேடிப் பிடித்தோம். வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை. சின்ன ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, நெய், தக்காளித் தொக்கு, ஊறுகாய். காலையில் சாதம் வைத்துத் தயிர் பிசைந்து எடுத்துக்கொண்டால் மதியம் எந்தப் பார்வையிடத்திலும் உட்கார்ந்துவிடலாம். வெளியே காசு கொடுத்துச் சாப்பிட்டது பெரும்பாலும் காப்பியும் கேக்கும்தான். அதில் அந்த ஊர்கள் குறை வைப்பதில்லை.

வார்னம்பூலுக்கு அப்பால் டவர் ஹில் என்ற பழைய எரிமலைக் குழி. ஈமு பறவைகள் காருக்கு முன்னால் நிதானமாக நடக்கின்றன. ஒரு காலத்தில் மரத்தை எல்லாம் வெட்டி மொட்டையாக்கிய இடம். 1855-இல் யூஜீன் வான் கெரார்ட் என்ற ஓவியர் வரைந்த ஒரு ஓவியத்தை வைத்து, எங்கே என்ன மரம் நின்றது என்று பார்த்துப் பார்த்து 1960-களிலிருந்து மறுபடி நட்டிருக்கிறார்கள். போர்ட் ஃபேரியில் ஓர் இரவு. அங்கே கிரிஃபித்ஸ் தீவில், இருட்டியபின் கடலிலிருந்து மட்டன் பறவைகள் என்ற கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் வளைகளில் உள்ள குஞ்சுகளிடம் திரும்புகின்றன. தலையை உரசுவது போல் பறக்கும். பாதையைவிட்டு விலகி நடந்தால் வளை இடிந்துவிடும், டார்ச்சையும் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். ஏப்ரல் நடுவில் பெரிய பறவைகள் வடக்கே கிளம்பிவிடும், அதற்குள் போக வேண்டும்.

ஐந்தாம் நாள் மாநில எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தது. பழ ஈ வராமல் தடுப்பதற்காகத் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பதப்படுத்தாத பழங்களும், தக்காளி, மிளகாய் போன்ற காய்களும் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு, மீறினால் அபராதம். எங்கள் கூடையில் நான்கு ஆப்பிள், ஆறு தக்காளி, ஒரு கைப்பிடி பச்சைமிளகாய். ஆப்பிளை எல்லைக்கு முன்னால் நெல்சன் ஊரில் ஆற்றோரம் உட்கார்ந்து தின்று தீர்த்தோம். தக்காளியும் மிளகாயும் தொட்டிக்குப் போயின. உணவைக் குப்பையில் போட மனைவிக்கு மனமே வரவில்லை. கிளம்பும் முன் மாநில அரசின் தளத்தில் பட்டியலைப் பார்த்திருந்தால் முதல்நாளே அதைச் சமைத்து முடித்திருக்கலாம். இன்னொன்று, எல்லை தாண்டினால் கடிகாரம் அரைமணி பின்னால் போகிறது. தொலைபேசி தானே மாற்றிக்கொள்ளும், காரில் உள்ள கடிகாரம் மாற்றாது. முன்பதிவு நேரங்களில் இது குழப்பும்.

மவுண்ட் கேம்பியரில் நீல ஏரி. எரிமலை வாயில் தேங்கிய தண்ணீர், அதுதான் ஊருக்கே குடிநீர். குளிர்காலத்தில் சாம்பல் நிறமாக இருந்து, நவம்பரில் தொடங்கிக் கோடை முழுக்க மை ஊற்றியது போன்ற நீலமாகிறது. மார்ச் கடைசியிலும் நிறம் இருந்தது. சுற்றி மூன்றரை கிலோமீட்டர் நடைபாதை. நடந்தோம்.

அங்கிருந்து வடக்கே 50 கிலோமீட்டர் பெனோலா. 2010-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட மேரி மக்கிலப், ஆஸ்திரேலியாவின் முதல் புனிதர், 1866-இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஊர். அதைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் திராட்சை வரிசைகள் தொடங்குகின்றன.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவியின் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி. வீட்டைச் சுற்றிப் பன்னீர்த் திராட்சைத் தோட்டம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்தத் திராட்சை. பந்தலுக்கு அடியில் விளையாடி வளர்ந்தவள், கவாத்துக்கு ஆள் வராத நாளில் கத்தரிக்கோல் பிடித்தவள். நான் பண்ருட்டிப் பக்கம். திராட்சையைக் கடையில் பார்த்தவன். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, ஆனால் பயணத் திட்டம் போடும்போது இதை யோசிக்கவே இல்லை. ஒயின் நாடு என்றதும் குடி என்று மட்டும் என் மனதில் பதிந்திருந்தது. அது விவசாய பூமி என்பது எனக்கு உறைக்கவில்லை.

காரை நிறுத்தி இறங்கியதும் அவள் முதலில் பார்த்தது மண்ணை. "செம்மண்ணு!" என்றாள். உண்மையில் அதுதான் கூனவாராவின் கதை. டெர்ரா ரோசா என்று அழைக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் பாறையின் மேல் ஒரு மெல்லிய செம்மண் போர்வை, சுமார் 15 கிலோமீட்டர் நீளம், இரண்டு கிலோமீட்டர் கூட இல்லாத அகலம். இரும்புச்சத்து துருவேறிச் சிவந்த மண். நீர் தேங்காமல் வடிகிறது, கீழே சுண்ணாம்புக்கல், அதற்கும் சில மீட்டர் கீழே நிலத்தடி நீர். அந்தச் செம்மண் பட்டையைவிட்டு விலகினால் கறுப்பு மண், அங்கே அதே கொடி வேறு மாதிரி காய்க்கிறது. 1890-இல் ஜான் ரிடாக் என்பவர் இங்கே பழத்தோட்டக் குடியிருப்பு தொடங்கி, கொடி நடவைத்தார். அவர் கட்டிய மூன்று முகடு வைத்த கல் கட்டடம் இன்றும் வின்ஸ் நிறுவனத்தின் பாட்டில்களில் படமாக இருக்கிறது. எது கூனவாரா, எது இல்லை என்ற எல்லைக்கோட்டுக்காகவே பல வருடம் வழக்கு நடந்திருக்கிறது. வரப்புத் தகராறு எந்த ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

அவள் ஆசையாக வரிசைக்குள் கால் வைக்கப் போனாள். தோட்டத்து ஆள் ஒருவர் தூரத்திலிருந்தே கையைக் காட்டி நிறுத்தினார். கிட்டே வந்து, எங்கிருந்து வருகிறீர்கள், யாரா பள்ளத்தாக்குத் தோட்டங்களில் சமீபத்தில் நடந்தீர்களா என்று கேட்டார். காரணம் ஃபிலாக்ஸரா என்ற வேர்ப்பூச்சி. கண்ணுக்குத் தெரிவதே கடினம், கொடியின் வேரைத் தின்று கொல்லும், மருந்து கிடையாது. யாரா பள்ளத்தாக்கு உட்பட விக்டோரியாவின் சில பகுதிகளில் அது இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியா இன்னும் தப்பித்து வருகிறது. செருப்பில் ஒட்டிய மண்ணே அதைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். இங்கே வருகிறவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்: படம் எடுக்கக்கூட வரிசைக்குள் நுழையாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. மனைவி உடனே பின்வாங்கி மன்னிப்புக் கேட்டாள். கூடவே, எங்கள் வீட்டிலும் திராட்சைதான் என்றும் சொன்னாள்.

அந்த ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. அவர் ஒரு குலையை வெட்டி வெளியே கொண்டுவந்து கொடுத்தார். கேபர்னே சோவின்யோன் என்ற ஒயின் திராட்சை. சுண்டைக்காய் அளவு கறுத்த பழம். அவள் வாயில் போட்டு மெதுவாக மென்றாள். "இனிப்பு கூட, தோல் தடிப்பு, விதை ரெண்டு. தோல்லதாங்க எல்லாம் இருக்கு" என்று என்னிடம் சொன்னாள். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் ஒயினுக்கு வருகின்றன என்று பிற்பாடு ஒயின் சுவைக்கும் கூடத்தில் எனக்குப் பத்து நிமிடம் விளக்கினார்கள். அவளுக்கு ஒரு பழத்தில் தெரிந்துவிட்டது.

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. கவாத்து எப்போது? குளிர்காலத்தில், இலையெல்லாம் உதிர்ந்தபின், வருடத்துக்கு ஒருமுறை. சாம்பல் நோய்க்கு என்ன அடிக்கிறீர்கள்? கந்தகம், நம் ஊரில் அடிப்பதேதான். பந்தல் ஏன் போடவில்லை? வெயில் குறைவு, பழத்துக்குப் பக்கவாட்டில் வெளிச்சம் படவேண்டும், மேலே இயந்திரம் ஓடவேண்டும், அதனால் கம்பியில் வரிசை. தோட்டத்துக்கு நடுவே காற்றாலை போல நின்ற உயரமான விசிறியைக் காட்டி அது என்ன என்றாள். பனிக்காக. வசந்தத்தில் கொடி துளிர்க்கும் சமயம் இரவில் உறைபனி விழுந்தால் துளிர் கருகிவிடும். மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றை அந்த விசிறி கீழே தள்ளிக் காப்பாற்றுகிறது. "பனிக்கு விசிறி போடுறாங்களே!" என்று அவள் வியந்த வியப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எங்கள் பயணத்தில் நான் ஒரு மணிநேரம் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்ற இடம் அது ஒன்றுதான். இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இவ்வளவு தெரியும் என்பதை ஒரு அன்னியர் கேட்டுத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

செல்லர் டோர் என்பது தோட்டக்காரர்களே சுவைக்கக் கொடுத்து விற்கும் கூடம். சுவைப்புக்குச் சிறு கட்டணம் வாங்குவார்கள், பாட்டில் வாங்கினால் பெரும்பாலும் கழித்துக்கொள்வார்கள். குடிக்காதவர் கூட வந்து உட்காரலாம், யாரும் வற்புறுத்துவதில்லை. மனைவி கோப்பையை முகர்ந்து மட்டும் பார்த்தாள். மூன்றாவது கோப்பையில், "யூகலிப்டஸ் தைலம் வாசனை வருதே" என்றாள். ஊற்றிய பெண்மணி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கூனவாரா கேபர்னேயில் புதினா, யூகலிப்டஸ் வாசனை வருவது பெயர்போன விஷயமாம். ரசத்தில் மிளகு ஒரு சிட்டிகை கூடினால் கண்டுபிடிக்கும் மூக்குக்கு அது பெரிதில்லைதான். அதன்பிறகு ஒவ்வொரு கூடத்திலும் அவள் முகர்ந்து சொல்வாள், நான் குடித்துச் சரிபார்ப்பேன்.

ஓட்டுபவர் விஷயத்தில் சமரசம் வேண்டாம். முழு உரிமம் உள்ளவருக்கு இரத்தத்தில் ஆல்கஹால் 0.05-ஐத் தொடக்கூடாது, கற்றுக்கொள்பவருக்கும் புதிய உரிமக்காரருக்கும் பூஜ்யம். வழியில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்வார்கள். ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்றால் 10 கிராம் ஆல்கஹால், ஏறத்தாழ 100 மில்லி ஒயின். ஓரிடத்தில் 25 மில்லியாக ஐந்து வகை சுவைத்தாலே அது தாண்டிவிடும், மூன்று கூடத்துக்குப் போனால் கணக்கு எங்கோ போய்விடும். மேசையில் துப்புவதற்கென்றே ஒரு கலம் இருக்கும். அதில் துப்புவது மரியாதைக் குறைவு இல்லை, தொழில்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் முதல் நாள் கூச்சப்பட்டு விழுங்கினேன், நான்காவது கூடத்தில் நாக்குக்கு எதுவும் தெரியவில்லை. மறுநாள் துப்பினேன். ஒவ்வொன்றும் தனித்தனியாக நினைவிருக்கிறது. இரண்டு நாளும் வண்டி அவள் கையில்தான். இன்னொன்றும் கற்றோம்: நான் முக்கியமாகப் பார்க்க நினைத்த ஒரு கூடம் நாங்கள் போன செவ்வாய்க்கிழமை மூடியிருந்தது. சின்னத் தோட்டங்கள் வாரநாளில் முன்பதிவுக்கு மட்டுமே திறக்கும். ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கும் விஷயம்.

இரண்டாம் இரவு பதினொரு மணிக்கு ஏதோ இயந்திரச் சத்தம். ஜன்னலைத் திறந்தால் தோட்டத்துக்குள் விளக்குகள் நகர்கின்றன. அறுவடை. வரிசைக்கு இருபுறமும் கால் பரப்பி நிற்கும் உயரமான வண்டி, கொடியை உலுக்கிப் பழத்தை உதிர்த்துக்கொண்டே போகிறது. குளிர்ச்சியில் பறித்தால் பழம் ஆலைக்குப் போகும்வரை கெடாது என்பதால் இரவில் வேலை. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இருவரும் தாழ்வாரத்தில் நின்று பார்த்தோம். "எங்க ஊருல ஒவ்வொரு குலையா பாத்து, பழம் நசுங்காம வெட்டி, பெட்டியில அடுக்கணும். இத அப்பா பாத்திருந்தா மயக்கம் போட்டிருப்பாரு" என்றாள். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. வண்டி மூன்று வரிசை முடிக்கும்வரை அவள் உள்ளே வரவில்லை.

திரும்பும் வழி உள்நாடு. காஸ்டர்டன், ஹாமில்டன், டன்கெல்டு, பல்லராட் என்று ஏறத்தாழ 400 கிலோமீட்டர். மந்தை மந்தையாக ஆடுகள், காய்ந்த புல்வெளி. டன்கெல்டில் கிராம்பியன்ஸ் மலை திடீரென்று எழுந்து நிற்கும். அங்கே காப்பிக்கு நிறுத்தினோம். நான் ஆறு பாட்டில் வாங்கியிருந்தேன், வெயில் படாமல் காலடியில் போர்வை சுற்றி வைத்தோம். கார் டிக்கியில் வைத்தால் ஒரு மதியத்தில் சூடேறி ஒயின் கெட்டுவிடும் என்று கூடத்திலேயே எச்சரித்திருந்தார்கள்.

காப்பிக் கடை வாசலில் சிக்னல் நன்றாக இருந்தது. மனைவி சுருளிப்பட்டிக்கு, அவள் அண்ணனுக்கு வீடியோ அழைப்பு போட்டாள். எடுத்த படங்களை முன்பே அனுப்பியிருந்தாள் போல. அவர் மண்ணைப் பற்றிக் கேட்டார், விசிறியைப் பற்றி இரண்டு தடவை கேட்டார், கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டார். கடைசியில், "வருசத்துக்கு ஒரு தடவதான் அறுப்பாங்களாம்மா? அப்ப மிச்ச மாசமெல்லாம் கொடி என்ன செய்யும்?" என்றார்.

"தூங்குமாம்ணே" என்றாள் இவள். "குளிர் முடியிற வரைக்கும் தூங்குமாம்."